பிள்ளையின் கையில் செல்போன்: பாடமா, பாரமா?



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே கிள்ளிப்பாலத்தை நோக்கி நடந்தால் ஆரியசாலை வரும். மிளகாய், மல்லி, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் கலந்த ஒரு வாசனை அங்கே எப்போதும் நிற்கும். மலையாள நாட்டின் தலைநகரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் அளவிற்குத் தமிழ்ப் பேச்சு காதில் விழும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து 1994-ல் பிழைப்பைத் தேடி வந்த அடியேன், அன்று முதல் இன்றுவரை இந்தத் தெருவின் மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆகவே என் இரு பிள்ளைகளின் படிப்பில் எனக்கு வைராக்கியம் அதிகம். வைராக்கியம் இருந்த அளவிற்கு அறிவு இருந்ததா என்பதைத்தான் இந்தப் பக்கங்களில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது என் உறுதியான எண்ணமாக இருந்தது. வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதை நான் காலை ஆறு மணிக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன். இரவு ஒன்பதரைக்குத் திரும்புவேன். "நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை" என்று நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமை 2020-ஆம் ஆண்டு உடைந்தது.

பள்ளி வீட்டிற்குள் வந்த நாள்

கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், 2020 ஜூன் 1 அன்று கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் வீட்டிலிருந்தே படிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. விக்டர்ஸ் என்னும் கல்வி அலைவரிசையில் ஒவ்வொரு வகுப்பிற்கும் நேரம் குறித்துப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இந்த அலைவரிசை புதிதாக முளைத்ததல்ல. நம் இராமேஸ்வரம் தந்த அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2005 ஜூலை 28 அன்று இதே திருவனந்தபுரத்தில் அதைத் தொடங்கி வைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னே போட்ட விதை, ஆபத்து நாளில் பயன் தந்தது.

ஆனால் இதில் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. விக்டர்ஸில் வந்த பாடங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருந்தன. தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயிலும் பிள்ளைகளுக்கான பாடங்கள் தனியே தயாரிக்கப்பட்டு யூடியூபில் வெளியிடப்பட்டன. அதற்குப் பின் ஆசிரியர்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் வீட்டுப்பாடம் தந்தனர். மலையாளப் பிள்ளைக்குத் தொலைக்காட்சி ஓரளவு போதுமாயிருந்தது. தமிழ்ப் பிள்ளைக்கோ செல்போன் இன்றியமையாததாயிற்று. ஏழாம் வகுப்பில் தமிழ் வழியில் பயின்ற என் மகளுக்கும், நான்காம் வகுப்பில் இருந்த என் மகனுக்கும் வகுப்பறை எதுவோ, அது என் சட்டைப்பையில் கிடந்து சாலைச் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தது!

எனக்கு அது தெரியாமல் இல்லை. "இது சில நாளைக்குத்தான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அலட்சியமாக இருந்தேன். கடைக்கு வரும் சரக்குப் பட்டியல்களும் அந்தச் செல்போனில்தான் வந்தன. பட்டியல்களுக்கு நடுவே ஆசிரியையின் குரல் பதிவுகளும் வந்து விழுந்தன. அவற்றை நான் கேட்டதில்லை.

நோட்டில் இருந்த பதினொரு வரிகள்

2020 ஜூலை 6 காலை ஆறு மணி முதல் திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் 'டிரிபிள் லாக்டவுன்' அமலாயிற்று. கடைத்தெரு அடங்கிப்போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் முதல்முறையாக வேலை நாளில் பகல் முழுவதும் வீட்டில் இருந்தேன். அன்று மகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. சும்மா புரட்டினேன்.

ஒரு பக்கத்தில் வரிசையாகத் தேதிகள். தேதிக்கு எதிரே பாடத்தின் பெயர். அதற்கு எதிரே ஒரே சொல்: "பார்க்கவில்லை." கணிதம், பார்க்கவில்லை. அறிவியல், பார்க்கவில்லை. தமிழ், பார்க்கவில்லை. எண்ணினேன், பதினொரு வரிகள். பார்த்தவை நான்கு. அந்த நான்கும் அடுத்த வீட்டுச் சிறுமியின் அருகே உட்கார்ந்து பார்த்தவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் கடையில் உங்களுக்குக் கஷ்டமாகும் என்று அம்மா சொன்னார்கள், அதுதான் பிறகு படிப்பதற்காக எழுதி வைத்தேன் அப்பா" என்றாள்.

பிரியமானவர்களே, குற்றம் சாட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது. அந்த ஜூன் முதல் நாளில்தான் மலப்புறம் மாவட்டத்தில், வகுப்பைப் பார்க்க வழியில்லை என்று மனம் உடைந்த ஒரு சிறு பெண் உயிரிழந்த செய்தி வந்திருந்தது. அதைப் படித்து நான் பெருமூச்சு விட்டிருந்தேன். தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத பிள்ளைகள் கேரளத்தில் சுமார் 2.6 லட்சம் பேர் என்று அரசின் கணக்கெடுப்பு கூறியதையும் படித்திருந்தேன். அந்தக் கணக்கில் என் வீட்டுப் பிள்ளைகளும் அடங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் செல்போன் இருந்ததே! இருந்தது உண்மை. ஆனால் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

கடைகள் திறந்தபின், என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்து வந்த சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள். ஒருவர் உபயோகித்த பழைய செல்போன் ஒன்றை வாங்கி, வீட்டின் நடு அறை மேசைமேல் வைத்தோம்.

குரலைத் தானே கேட்டபோது

செல்போன் பாடம் என்றால் படம் பார்ப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மகளின் தமிழ் டீச்சர் அந்த எண்ணத்தை மாற்றினார்.

நம் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமையை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் மலையாளம். பேச்சில் குறையில்லை. ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவார்கள். என் மகளும் அப்படித்தான். ஒவ்வொரு ஒற்றெழுத்திலும் நின்று நின்று போவாள்.

அந்த டீச்சர் வாரம் இருமுறை, பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பும்படி ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டார். இரவில் அவற்றைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் பதில் பேசி அனுப்பினார். "சொல்லின் நடுவில் நிற்காதே மகளே, வாக்கியம் முடியும்வரை மூச்சை வைத்துக்கொள்" என்று என் மகளுக்கு வந்த முதல் பதிலை நானும் கேட்டேன்.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். பாட வேளை நாற்பது நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் வாசித்தாலே முப்பது நிமிடம் போய்விடும்; திருத்த நேரம் எங்கே? ஆகவே சாதாரண வகுப்பறையில் பின் வரிசைப் பிள்ளையின் குரல் மாதக்கணக்கில் ஆசிரியரின் காதை எட்டாமலே போகிறது. செல்போனோ அந்தக் குரலை ஆசிரியரிடம் கொண்டு போயிற்று. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. அனுப்புவதற்கு முன் என் மகள் தன் குரலைத் தானே கேட்டாள். "இது சரியில்லை அப்பா" என்று அழித்துவிட்டு மறுபடி வாசித்தாள். ஒரு பக்கத்தை ஐந்து முறை வாசிக்கும்படி எந்தத் தகப்பன் கட்டாயப்படுத்த முடியும்? அவளோ யாரும் சொல்லாமல் வாசித்தாள். அந்த ஆண்டு முடியுமுன்னே, ஞாயிறு ஆராதனையைச் செல்போனில் கண்ட அந்த நாட்களில், வேதபாடத்தைத் தடையின்றி வாசித்து எங்களுக்குக் கேட்கச் செய்தவள் அவள்தான்.

பரிதேவாடியில் ஒரு ஆசிரியர்

இப்படிப்பட்ட உபயோகம் நம் நாட்டில் வேறிடத்தில் இதற்கு முன்னரே நடந்திருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்னும் சிற்றூர். அங்கே ஜில்லா பரிஷத் ஆரம்பப் பள்ளிக்கு 2009-ல் வந்த ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே. புத்தகங்கள் மராத்தியில் இருந்தன. பிள்ளைகளின் வீட்டு மொழியோ கன்னடம். நம் பிள்ளைகளின் நிலை போன்றதுதான்! அவர் முதலில் தாமே கன்னடம் கற்றார். பிறகு பாடங்களைப் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றி, புத்தகப் பக்கங்களில் கியூஆர் குறியீடுகளைப் பதித்தார். பெற்றோரின் செல்போனால் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தால் பாடலும் கதையும் விளக்கமும் ஒலிக்கும். இந்த முறை பின்பு அந்த மாநிலம் முழுவதும் பரவிற்று. தமிழ்நாட்டிலும் 2018-ல் வெளிவந்த புதிய பாடநூல்களில் இத்தகைய குறியீடுகள் அச்சிடப்பட்டன.

2020-ல் உலக ஆசிரியர் பரிசாகிய பத்து லட்சம் டாலர் டிசலேக்குக் கிடைத்தது. அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். இங்கே கவனியுங்கள்: அவருடைய வெற்றி கியூஆர் குறியீட்டில் தொடங்கவில்லை. பிள்ளைகளின் மொழியைக் கற்ற அன்பில் தொடங்கிற்று. அந்த அன்பின் கையில் செல்போன் ஒரு கருவியாயிற்று.

2018-ல் எறணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய தொழிலாளி ஒருவரைப் பற்றியும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மூணாறைச் சேர்ந்த அவர், நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களை இறக்கி, காதில் கேட்டுக்கொண்டே பெட்டிகளைச் சுமந்து, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். நேரமும் காசும் இல்லாதவனுக்கும் கல்வி எட்டும் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

நாணயத்தின் மறுபக்கம்

இத்துடன் முடித்துவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

2021 நவம்பர் 1 அன்று கேரளத்தில் பள்ளிகள் மீண்டும் திறந்தன. மகள் செல்போனை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். மகனால் அது முடியவில்லை. பாடம் பார்க்கப் பழகிய கை, விளையாட்டையும் பழகியிருந்தது. ஓர் இரவு ஒரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. "பாடம் பார்க்கிறேன்" என்றான். பார்த்தது பாடமல்ல. அவன் விளையாடியதைவிட, அவ்வளவு எளிதாகப் பொய் சொன்னதே என்னை நடுங்க வைத்தது.

கோபத்தில் செல்போனைத் தரையில் அடிக்கக் கையை ஓங்கினேன். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அதை உடைக்காதீர்கள் அப்பா! நான் வாசித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது" என்றாள்.

கை தானாக இறங்கிற்று. ஒரே செல்போன், ஒரு பிள்ளையை அது வாசிக்க வைத்தது, இன்னொரு பிள்ளையைப் பொய்யனாக்கிற்று. அப்படியானால் நான் உடைக்க வேண்டியது எதை? அந்த இரவு நெடுநேரம் தூங்காமல் இதைச் சிந்தித்தேன். மகளின் செல்போன் பாடத்திற்கு மறுமுனையில் ஒரு டீச்சர் இருந்தார், நேரம் இருந்தது, முடிவு இருந்தது. மகனின் செல்போனுக்கு மறுமுனையில் யாரும் இல்லை. நான்கூட இல்லை.

அறிவுள்ளோர் என்ன சொல்கிறார்கள்?

உலக நாடுகளும் இதே கேள்வியோடு போராடுகின்றன. பிரான்சு நாடு 2018-ல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர் பள்ளியில் செல்போன் உபயோகிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் ஆசிரியர் பாடத்திற்காக அனுமதிக்கும் வேளைக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட அறிக்கை, ஒருமுறை செல்போனால் கவனம் சிதறிய மாணவன் மறுபடி பாடத்தில் மனதை ஊன்ற 20 நிமிடம்வரை ஆகலாம் என்கிறது. நாற்பது நிமிடப் பாட வேளையில் இது சரிபாதி அல்லவா!

கேரளப் பள்ளிகள் மாணவர் செல்போன் கொண்டு வருவதை நெடுங்காலமாகவே அனுமதிப்பதில்லை. 2024 நவம்பரில், மேல்நிலை மாணவருக்கு வாட்ஸ்ஆப் வழியாகப் பாடக்குறிப்புகளை அனுப்பும் வழக்கத்தையும் கல்வித்துறை தடுத்தது. வகுப்பில் நேரடியாகக் கற்க வேண்டியதைச் செல்போனுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

மறுபுறம், 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கிற்று. மாலை ஆறு முதல் இரவு பத்து வரை செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விடுதி விதியை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று கூறிய நீதிமன்றம், அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. அவளால் பிறருக்கு இடையூறு நேரக் கூடாது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் நிதானித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: யார் கையில், யார் கண்முன், எந்த நேரத்தில், எதற்காக?

கிள்ளியாற்றைக் கண்ட பிள்ளைகள்

என் மகனின் வகுப்பில் ஒருநாள் நடந்ததைச் சொல்லுகிறேன். சமூகவியல் ஆசிரியர் தம் செல்போனில் இருந்த வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். "உன் வீடு எங்கே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிள்ளைகள் ஆரியசாலையையும், சாலைத் தெருவையும், தங்கள் சந்துகளையும் கண்டுபிடித்தார்கள். பிறகு நெடுமங்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் கிள்ளியாறு எப்படி நகருக்குள் நுழைந்து கரமனையாற்றில் சேருகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டச் சொன்னார். அதன்பின் செல்போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, எல்லாரையும் கிள்ளிப்பாலத்திற்கு நடத்திக்கொண்டு போனார். மீன் எங்கே போயிற்று, குப்பை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே கேட்டுப் பார்த்து எழுதினார்கள்.

அன்று மாலை என் மகன் ஒரு மணி நேரம் ஆற்றைப் பற்றியே பேசினான். செல்போனைக் கேட்கவில்லை. வகுப்பறையில் இருந்தது ஒரே செல்போன். அதுவும் ஆசிரியரின் கையில் பத்து நிமிடம். முப்பது பிள்ளைகளுக்கும் அது போதுமானதாயிருந்தது.

எங்கள் வீட்டின் ஒழுங்குகள்

அருமையான பெற்றோரே, தவறிக் கற்றுக்கொண்ட ஒருவனாக, எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட சில ஒழுங்குகளை உங்கள்முன் வைக்கிறேன்.

1. பிள்ளைகளின் செல்போனுக்கு இடம் நடு அறை மேசை. படுக்கைக்குப் போகும் முன் அது என் மனைவியின் அலமாரிக்குள் போய்விடும். என் செல்போனும் அதனோடேகூடப் போகும். இதுவே எனக்குக் கடினமாயிருந்த ஒழுங்கு!

2. எடுக்குமுன் எதற்காக என்று சொல்ல வேண்டும். வைக்கும்போது என்ன கற்றாய் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் போதும்.

3. பார்ப்பதைவிடச் செய்வதற்கு முதலிடம். வாசித்துப் பதிவு செய்தல், செடியைப் படமெடுத்துப் பெயரறிதல், அகராதியில் சொல் தேடுதல் ஆகியவை செய்பவை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது அவ்வளவு பிரயோஜனமில்லை.

4. பள்ளிக் குழுவில் வரும் செய்திகளைப் பெற்றோரும் கேட்க வேண்டும். படிப்பறிவு குறைவு என்று ஒதுங்காதிருங்கள். ஆசிரியரின் குரலைக் கேட்க எட்டாம் வகுப்பும் தேவையில்லை.

5. கை மீறிப் போயிற்று என்று தோன்றினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கேரளக் காவல்துறை 2023 முதல் 'டி-டாட்' என்னும் பெயரில், செல்போனுக்கு அடிமையான பிள்ளைகளுக்கு ஆலோசனை தரும் மையங்களை நடத்தி வருகிறது. திருவனந்தபுரத்திலும் ஒன்று உண்டு. காவல்துறை என்றவுடன் பயப்படத் தேவையில்லை. அங்கே தண்டனை இல்லை, ஆலோசனைதான்.

என் மகன் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டு முறை ஒழுங்கை மீறினான். மூன்றாம் முறை தானே வந்து சொன்னான். அவன் செல்போனை விட்டதைவிட, உண்மையைச் சொன்னதே எனக்கு அதிகச் சந்தோஷத்தைத் தந்தது.

பிரியமானவர்களே, ஊரையும் உறவையும் விட்டு நகரத்திற்கு வந்த நம்மில் பலருக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒன்றே சொத்து. காலையில் போய் இரவில் வருகிறோம். நாம் இல்லாத நேரத்தில் பிள்ளையின் அருகில் இருப்பது செல்போன்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு போவதும் ஆபத்து. கொடுத்துவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. நான் இரண்டையும் செய்தவன்.

அந்தப் பதினொரு வரி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கணக்குப் பேரேடுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னாட்களில் என் மகள், விடுபட்ட பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, "பார்க்கவில்லை" என்ற சொல்லின்மேல் கோடு போட்டு, "பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாள். கடைசி வரியில் மட்டும் வேறு எழுத்து. அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தப் பாடத்தைப் பார்த்தேன். "நீங்களே எழுதுங்கள் அப்பா" என்று பேனாவைத் தந்தாள். "பார்த்தோம்" என்று எழுதினேன்.

இன்று இரவு வீட்டிற்குப் போனதும், உங்கள் பிள்ளையின் அருகில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவன் செல்போனில் பார்ப்பதை நீங்களும் சேர்ந்து பாருங்கள்.